உப்புவெளியில் கிளாஸ் கணக்கில் வைன்: ஐந்தே பெயர் கொண்ட ஒரு நல்ல பட்டியல்

திருகோணமலையை அடுத்த உப்புவெளிக் கடற்கரையில் மீன் உண்ண அமர்ந்த ஒருவர் வைன் இருக்கிறதா என்று கேட்டால், பெரும்பாலான இடங்களில் மறுமொழியாக வருவது சிவப்பா வெள்ளையா என்ற கேள்விதான். எந்த நாட்டு வைன், எந்தத் திராட்சை, எப்போது திறந்த போத்தல் என்பது கேட்பவருக்கும் தெரியாது, ஊற்றுபவருக்கும் தெரியாது. ஆகவே, அந்தக் கடற்கரையிலிருந்து ஒரு குறுக்குத் தெரு உள்ளே தள்ளியிருக்கும் ஒன்பது மேசை உணவகமொன்றில், தமிழிலும் ஆங்கிலத்திலும் கையால் எழுதிய ஒரு பக்க வைன் பட்டியலை இவ்வாண்டுப் பருவத்தில் கண்டபோது நின்று முழுவதையும் வாசித்தேன். அதில் ஐந்து வைன்கள் இருந்தன. ஐந்தும் கிளாஸ் கணக்கில் விற்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் நேரே திராட்சையின் பெயரும், விளைந்த இடமும், அந்த உணவகத்தின் எந்தக் கறிக்கு அது பொருந்தும் என்ற ஒரு வரியும் இருந்தன. ஜூன் தொடக்கம் ஓகஸ்ட் வரை நான்கு மாலைகள் அங்கே சென்று, ஐந்தையும் அவற்றுக்குரிய உணவோடு அருந்திய பின்னரே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

உணவகத்தின் பெயரையும் போத்தல்களின் வணிகப் பெயர்களையும் நான் இங்கே தரவில்லை. இலங்கையில் மதுபானத்தை விளம்பரப்படுத்துவதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்கிறது. மதிப்பீடு விளம்பரமாகாது என்றாலும், பெயரை எழுத வேண்டாம் என்று உணவகத்தை நடத்தும் அம்மையார் கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுகோள் நியாயமானது. வாசகருக்கு உண்மையில் பயன்படுவது திராட்சையின் பெயரும் பிரதேசத்தின் பெயருமே என்பதால், இதனால் இழப்பு அதிகமில்லை. என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: பாரிசில் ஓர் உணவகத்தில் பதினொரு ஆண்டுகள் வேலை செய்தேன். பாத்திரம் கழுவும் தொட்டியில் தொடங்கி, கடைசி நான்கு ஆண்டுகள் வைன் ஊற்றும் மேசைக்குப் பின்னால் நின்றேன். எந்தப் போத்தலைக் கிளாஸ் கணக்கில் திறப்பது என்ற முடிவை நாள்தோறும் எடுத்துப் பழகிய கண்ணோடுதான் இந்தப் பட்டியலைப் பார்க்கிறேன்.

போத்தலாக விற்கும் வைனுக்கும் கிளாஸ் கணக்கில் விற்கும் வைனுக்கும் தேவையான குணங்கள் வெவ்வேறு. போத்தல் வாங்குகிறவர் தாம் உண்ணப்போகும் உணவைத் தெரிந்துகொண்டு ஒன்றைத் தேர்கிறார். கிளாஸ் கணக்கில் ஊற்றும் வைனோ, ஒரே மாலையில் ஒரு மேசையில் மீன் சொதிக்கும், அடுத்த மேசையில் நண்டுக் கறிக்கும், மூன்றாவது மேசையில் வெறும் கச்சானுக்கும் துணையாக வேண்டும். திறந்த பின் இரண்டு மூன்று நாள்களுக்குக் கெடாமல் இருக்கவும் வேண்டும். விலையும் கைக்குள் அடங்க வேண்டும். இந்த மூன்றும் ஒன்றாகப் பொருந்திய வைன்கள் உலகில் குறைவல்ல. ஆனால் அவை பெரும்பாலும் பெயர்பெற்ற வைன்களாக இருப்பதில்லை என்பதால், பெயரைப் பார்த்து வாங்குகிறவர் கையில் அவை அகப்படுவதில்லை.

திருகோணமலைச் சமையல் வைனுக்கு இலகுவான சமையல் அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. தேசிக்காய்ப் புளி, தேங்காய்ப்பால், கொச்சிக்காய் உறைப்பு, வறுத்து இடித்த மிளகு ஆகிய நான்கும் ஒரே தட்டில் இருக்கும். உணவைவிடப் புளிப்புக் குறைந்த வைன் அந்த உணவின் பக்கத்தில் சப்பென்று போய்விடும். மதுசாரம் கூடிய வைன் உறைப்பை வளர்த்துவிடும், ஏனென்றால் மிளகாயின் காரத்தை உணர்த்தும் அதே நரம்பு முனைகளை மதுசாரமும் தூண்டுகிறது. துவர்ப்பு மிகுந்த சிவப்பு வைனும் உறைப்பும் சேர்ந்தால் நாவில் கசப்புத்தான் எஞ்சும். ஆகவே இங்கே வேண்டியது நல்ல புளிப்பும், குறைந்த துவர்ப்பும், மிதமான மதுசாரமும், தேவைப்பட்ட இடத்தில் ஒரு துளி இனிப்பும் உள்ள வைன். இந்தப் பட்டியலைத் தெரிவு செய்தவர் அதை அறிந்தவர் என்பது முதல் வரியிலேயே தெரிகிறது.

அந்த முதல் வரியில் இருப்பது தென்னாபிரிக்காவின் ஷெனின் பிளான். இந்தத் திராட்சையின் பிறப்பிடம் பிரான்சின் லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஆனால் இன்று அதிகமாகப் பயிராவது தென்னாபிரிக்காவில். அங்கே நெடுங்காலமாக அதற்கு ஸ்டீன் என்ற பெயரும் வழங்கியது. அந்நாட்டின் கேப் குடியேற்றத்தில் முதன்முதலாகத் திராட்சை பிழிந்து வைன் செய்த நாளாக 1659 பெப்ரவரி 2ஆம் திகதியை அந்தக் குடியேற்றத்தின் தலைவர் யான் வான் ரீபெக் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அவர் பணிபுரிந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிதான் பின்னர் நம் திருகோணமலைக் கோட்டையையும் நெடுங்காலம் கையில் வைத்திருந்தது. கோணேசர் மலையடியில் அந்தக் கோட்டை வாசலைக் கடந்து வந்த மாலையில் இந்த வைனை அருந்துவது எனக்கு மனநிறைவைத் தந்தது.

ஷெனின் பிளானின் சிறப்பு, வெயில் மிகுந்த இடத்தில் பழுத்தாலும் தன் புளிப்பை விடாமல் வைத்திருப்பது. இங்கே ஊற்றப்படுவது மரப்பீப்பாயில் வைக்காத, இளமையான, இனிப்பில்லாத வகை. மதுசாரம் 13 வீதம். மூக்கில் முதலில் பேரிக்காயும், பிறகு பழுத்த கொய்யாவின் தோல் வாசமும் வருகின்றன. வாயில் தேன் நினைவு தட்டினாலும் இனிப்பு இல்லை. உப்பும் மிளகும் தடவித் தணலில் சுட்ட அறக்குளாத் துண்டின் மேல் தேசிக்காயைப் பிழிந்து, ஒரு வாய் மீன், ஒரு வாய் வைன் என்று மாற்றி மாற்றி உண்டபோது, வைனின் புளிப்பும் தேசிக்காயின் புளிப்பும் சரிநிகராக நின்றன. அதைவிட நன்றாகப் பொருந்தியது இடியப்பமும் மீன் சொதியும். தேங்காய்ப்பாலின் கொழுப்பு நாவில் படலமாகப் படிகிறது. அந்தப் படலத்தை இந்தப் புளிப்பு வழித்து எடுத்துவிடுவதால், அடுத்த வாய்ச் சொதி முதல் வாயைப் போலவே ருசிக்கிறது. கத்தரிக்காய்ப் பால்கறியுடனும், பொரித்த நெத்தலியுடனும், எதுவும் இல்லாமல் தனியாகவும் அருந்திப் பார்த்தேன். ஓரிடத்திலும் அது தடுமாறவில்லை. கிளாஸ் கணக்கில் விற்க ஒரே ஒரு வைனைத்தான் வைத்திருக்க முடியும் என்ற நிலையில் இருக்கும் சிறிய உணவகங்களுக்கு நான் சொல்லக்கூடிய பெயர் இதுவே.

அதன் விலை ஒரு கிளாஸுக்கு 2,300 ரூபாய். பத்து வீதச் சேவைக் கட்டணத்தோடு 2,530 ரூபாய். இது குறைந்த தொகை அல்ல. ஆனால் எதற்காகக் கொடுக்கிறோம் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு போத்தலில் 750 மில்லிலீற்றர் இருக்கிறது. இந்த உணவகம் 150 மில்லிலீற்றர் அளந்து ஊற்றுகிறது. ஆக ஐந்து கிளாஸ்கள். சிறிய அளவுக் குடுவையில் முதலில் ஊற்றி, நம் கண்முன்னே கிளாஸுக்கு மாற்றுகிறார்கள். பாரிசில் நாங்கள் ஊற்றியது 120 மில்லிலீற்றர். அதனோடு ஒப்பிட்டால் இங்கே கை தாராளம். முழுப் போத்தலின் விலை 9,800 ரூபாய்; ஐந்து கிளாஸ்களாக வாங்கினால் 11,500 ரூபாய். வித்தியாசமாக வரும் 1,700 ரூபாய், போத்தலின் அடியில் எஞ்சி வீணாகும் கடைசிக் கிளாஸுக்கான காப்பு. உணவகத் தொழிலில் மேலைநாடுகளில் வழங்கும் பழைய கணக்கு, முதல் கிளாஸே போத்தலின் கொள்விலையை மீட்டுத்தர வேண்டும் என்பது. இறக்குமதித் தீர்வையும் ஏனைய வரிகளும் ஏறிய போத்தல் விலைக்கு அந்தக் கணக்கை அப்படியே வைத்திருந்தால், உள்ளூர்க்காரர் எவரும் இந்தப் பட்டியலைத் தொடமாட்டார்கள். கொள்விலை மூன்றாவது கிளாஸில்தான் தமக்குத் திரும்புகிறது என்று அம்மையார் சொன்னார். கிளாஸ் கணக்கு விற்பனையில் அவர் வைத்திருக்கும் இந்தப் பொறுமையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

இரண்டாவது வைன் ஜேர்மனியின் மோசெல் பள்ளத்தாக்கிலிருந்து வரும், சற்றே இனிப்புள்ள ரீஸ்லிங். இதைப் பற்றி நான் முதலில் ஐயத்தோடு இருந்தேன். முதல் மாலை நண்டுக் கறியை ஷெனின் பிளானோடு கேட்டேன். கொட்டியாரக் குடாப் பக்கத்திலிருந்து வந்த நண்டு. முருங்கையிலை போட்டு, மிளகும் கொச்சிக்காயும் தாராளமாக இட்டு வைத்த கறி. இரண்டாவது வாயிலேயே உறைப்பு இரட்டிப்பாகிக் காது சுட்டது. அதைக் கண்ட அம்மையார் அடுப்பங்கரையிலிருந்து வெளியே வந்து, “தம்பி, நண்டுக்கு அது சரிவராது; இதில ஒரு வாய் குடிச்சுப் பாருங்கோ” என்று ரீஸ்லிங்கை ஒரு சிறிய கிளாஸில் ஊற்றித் தந்தார். அதற்கு அவர் காசு வாங்கவில்லை.

அவர் சொன்னது முற்றிலும் சரி. இந்த வைனில் மதுசாரம் 9 வீதம் மட்டுமே. எனவே உறைப்பை அது மேலும் கிளறுவதில்லை. திராட்சையின் சர்க்கரை முழுவதும் நொதித்து முடியுமுன் நொதித்தலை நிறுத்திவிடுவதால் கொஞ்சம் இனிப்பு எஞ்சியிருக்கிறது. அந்த இனிப்பு கொச்சிக்காயின் சூட்டை அடக்குகிறது. ஆனால் ரீஸ்லிங்கின் புளிப்பு மிகக் கூர்மையானது என்பதால், குடித்து முடித்த பின் வாயில் பாகுபோல் எதுவும் தங்குவதில்லை. நண்டுச் சதையிலேயே இருக்கும் மெல்லிய இனிப்பும் இந்த வைனின் இனிப்பும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன. மறு கிழமை நான் நண்டுக்காகவே திரும்பிச் சென்றேன். நான்கு மாலைகளிலும் நான் உண்டு குடித்தவற்றில் மிகச் சிறந்த சேர்க்கை இதுதான்.

வீட்டுக்கு வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஜேர்மன் ரீஸ்லிங் போத்தலில் ‘ட்ரொக்கன்’ என்று எழுதியிருந்தால் அது இனிப்பில்லாத வகை. நண்டுக் கறிக்கு இந்த உதவியைச் செய்யாது. ‘கபினெட்’ என்று மட்டும் இருந்து மதுசாரம் 8 அல்லது 9 வீதமாக இருந்தால், பெரும்பாலும் அதில் இனிப்பு எஞ்சியிருக்கும். வீதத்தைப் பார்த்தே இனிப்பை ஊகிக்கலாம் என்ற இந்த வழி எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

இந்த ரீஸ்லிங்கைப் பட்டியலில் வைத்ததில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. நம்மிற் பலருக்கு வைன் என்றால் நத்தார் காலத்தில் கிறிஸ்தவ வீடுகளில் கேக்கோடு சிறிய கிண்ணத்தில் தரும் இனிப்பு வைன்தான். அந்த நினைவோடு வருகிறவருக்கு இனிப்பே இல்லாத, புளிப்பான வெள்ளை வைனை முதலில் கொடுத்தால் முகம் சுளித்து அத்தோடு விட்டுவிடுவார். மூன்றாவது மாலை என்னோடு வந்த என் மைத்துனருக்கும் அந்த நினைவுதான் இருந்தது. அவர் ரீஸ்லிங்கில் தொடங்கினார். பிறகு என் கிளாஸிலிருந்த ஷெனின் பிளானை ஒரு வாய் கேட்டு வாங்கினார். இரவு முடியுமுன் தமக்கென்று அதில் ஒரு கிளாஸ் சொன்னார். முழுப் போத்தல் வாங்க வேண்டியிருந்தால் இந்தப் பயணம் நடந்திருக்காது. இதன் விலை 2,900 ரூபாய், பட்டியலிலேயே அதிகம். கொடுக்கத் தகும்.

மூன்றாவதாக இருக்கும் சிலி நாட்டுச் சோவிஞோன் பிளானில் பிழை எதுவும் இல்லை. ஹம்போல்ட் குளிர்நீரோட்டம் தொட்டுச் செல்லும் கரைக்கு அருகிலுள்ள கசபிளாங்கா பள்ளத்தாக்கில் விளைந்தது. பச்சை மிளகாய், வெட்டிய புல் ஆகியவற்றின் வாசம் கொண்டது. கணவாய்ப் பொரியலுக்கு நன்றாகவே இருந்தது. ஆனால் ஷெனின் பிளான் செய்கிற வேலையைத்தான் இதுவும் செய்கிறது. ஐந்தே இடமுள்ள பட்டியலில் ஒரே வேலைக்கு இருவர் தேவையில்லை. இந்த இடத்துக்குப் போர்த்துக்கலின் வடமேற்கில் செய்யும் வின்யோ வேர்டே வெள்ளை வைனை வைத்திருப்பேன். மதுசாரம் குறைவு, நாவில் லேசாக நுரைக்கும், பெரும்பாலும் மலிவு, வெயில் தாழாத ஐந்து மணிக்குக் கடலில் குளித்துவிட்டு வருகிறவருக்கு அதைவிட ஏற்றது வேறில்லை.

நான்காவது பிரான்சின் தென்பகுதியிலிருந்து வரும் ரோசே. இளஞ்சிவப்பு நிறத்தைக் கண்டு இது பெண்களுக்கான வைன் என்று ஒதுக்கும் பழக்கம் பாரிசில் நம்மவரிடையே இருந்தது, இங்கும் இருக்கிறது. நிறத்துக்கும் குடிப்பவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கறுப்புத் திராட்சையின் தோலைச் சாற்றோடு சில மணி நேரம் மட்டும் ஊறவிட்டுப் பிரித்துவிடுவதால் நிறம் கொஞ்சமாக இறங்குகிறது, துவர்ப்பு மிகக் கொஞ்சமாகவே இறங்குகிறது, அவ்வளவுதான் செய்முறை. அதனால் சிவப்பு வைனின் பழச் சுவையும் வெள்ளை வைனின் குளிர்ச்சியும் ஒரே கிளாஸில் கிடைக்கின்றன. கிறெனாஷ், சென்ஸோ என்ற இரு திராட்சைகள் கலந்த இந்த ரோசேயை, நாங்கள் நால்வர் நான்கு விதமான உணவு சொன்ன மாலையில் கேட்டோம். இறால் பிரட்டல், கோழிக் கறி, புட்டு, காரமான தேங்காய்ச் சம்பல் ஆகிய எல்லாவற்றோடும் அது ஒத்துப்போனது. எதனோடும் அது உன்னதமாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் மேசையில் எல்லாம் பொதுவாக நடுவில் வைக்கப்பட்டு எல்லோரும் எடுத்து உண்ணும் நம் முறைக்கு, எதனோடும் முரண்படாத வைன் பெரிய துணை.

ஐந்தாவது வைனில்தான் இந்தப் பட்டியல் வழுக்குகிறது. சிலியின் கபெர்னே சோவிஞோன், 14 வீத மதுசாரம், மரப்பீப்பாய் வாசம், இறுக்கமான துவர்ப்பு. கேட்கிறவர்கள் பெயர் தெரிந்து கேட்பது இதைத்தான் என்பதால் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அந்தக் காரணம் எனக்குப் புரிகிறது. என்றாலும், பத்துக்கு எட்டு உணவு கடலிலிருந்து வரும் ஓர் உணவகத்தில், ஒரே ஒரு சிவப்பு வைன் மீனோடு சேராததாக இருப்பது தவறான தெரிவு. மீனும் சிவப்பு வைனும் சேரும்போது வாயில் எழும் உலோகச் சுவைக்கும் மீன் வாடைக்கும் வைனிலுள்ள இரும்பே முக்கிய காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள். இரும்பு அதிகமுள்ள வைனில் அந்த வாடை அதிகமாகவும், குறைந்ததில் குறைவாகவும் இருந்தது. நான் விளைமீன் குழம்போடு இந்தக் கபெர்னேயைக் குடித்தபோது துருப்பிடித்த கரண்டியை நாவில் வைத்ததுபோலிருந்தது. கொச்சிக்காய் உறைப்போடு துவர்ப்பு சேர்ந்து தொண்டையில் கசந்தது வேறு.

அதோடு, போத்தல் அலுமாரியில் வெளியே இருந்தது. சிவப்பு வைனை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஐரோப்பாவின் பழைய கல்வீடுகளின் அறை வெப்பம் 16 முதல் 18 பாகை செல்சியஸ். ஜூலை மாதத்துத் திருகோணமலையில் இரவு எட்டு மணிக்கும் அறை 30 பாகையில் இருக்கிறது. அந்த வெப்பத்தில் மதுசாரம் மட்டுமே மூக்கில் ஏறும். ஐஸ் போட்ட வாளியில் கால் மணி நேரம் வைத்துத் தரும்படி கேட்டேன்; உடனே செய்தார்கள். குளிர்ந்த பின் பழச் சுவை வெளிப்பட்டு, ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு நன்றாகவே குடிக்க முடிந்தது. ஆனால் ஒவ்வொரு வாடிக்கையாளரும் இதைக் கேட்கமாட்டார். பிரான்சின் போஜொலே பகுதிக் கமே திராட்சை வைனையோ, கிறெனாஷ் மிகுந்த, மரத்தில் வைக்காத இளம் கோத் து ரோன் வைனையோ இந்த இடத்தில் வைத்து, வெள்ளை வைன்களோடு குளிரூட்டியிலேயே போட்டுவிட்டால் பிரச்சினை தீரும். துவர்ப்பு குறைந்த இந்தச் சிவப்பு வைன்களை 13, 14 பாகையில் பரிமாறலாம். சூரை மீன் பிரட்டலுக்குக்கூட அவை தாங்கும்.

நுரைக்கும் வைனைக் கிளாஸ் கணக்கில் அவர்கள் விற்பதில்லை. திறந்த போத்தலில் வாயு தங்காது. ஒரு மாலைக்குள் ஐந்து பேர் கேட்பார்கள் என்ற உறுதி இல்லாத இடத்தில் அதைத் திறக்காமல் இருப்பதே நேர்மை.

இனிப் பேணும் முறை. ஒரு வைன் பட்டியலின் தரத்தை அறிய எனக்குத் தெரிந்த சிறந்த வழி, போயா நாளுக்கு மறுநாள் போவது. பௌர்ணமியன்று நாடு முழுவதும் மதுபானம் விற்க முடியாது. முந்திய நாள் மாலை திறந்து பாதி விற்ற போத்தல்கள் ஒரு முழு நாள் தொடப்படாமல் கிடக்கும். மே மாதம் தொடக்கம் செப்டெம்பர் வரையான நம் கிழக்குக் கரைப் பருவத்தில் வெசாக், பொசன், எசல, நிக்கினி என்று மாதம் தவறாமல் அது வருகிறது. பல இடங்களில் அந்த மறுநாள்தான் கெட்டுப்போன வைன் கிளாஸில் வந்து சேரும்: வெட்டிவைத்துக் கறுத்த ஆப்பிளின் வாடை, மங்கிய நிறம், காடிப் புளிப்பு. வேறோர் இடத்தில் அப்படி ஒன்றைத் திருப்பிக் கொடுத்தபோது, வைன் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கே விளக்கினார்கள். அந்த மாலையின் வருத்தம் இன்னும் எனக்கு உண்டு.

எசலப் போயாவுக்கு மறுநாள் மாலை ஆறரைக்கு இந்த உணவகத்துக்குச் சென்று, ஷெனின் பிளான் கேட்டேன். பரிமாறும் இளைஞர் போத்தலைக் கொண்டுவந்து காட்டினார். கழுத்தில் ஒட்டிய தாள் துண்டில் திறந்த திகதியும் நேரமும் பேனாவால் எழுதப்பட்டிருந்தன. “முந்தாநாள் இரவு திறந்தது, அண்ணா. முதலில் ஒரு வாய் குடிச்சுப் பாருங்கோ, பிடிக்கேல்லையெண்டால் புதுசு திறக்கிறன்” என்றார். குடித்துப் பார்த்தேன். வாசம் சற்று அடங்கியிருந்தது; புளிப்பு அப்படியே இருந்தது; கெட்டதற்கான அடையாளம் ஒன்றும் இல்லை. அதையே ஊற்றச் சொன்னேன். ரீஸ்லிங் இன்னும் உறுதியாக இருந்தது. கபெர்னே மட்டும் வெளியே இருந்த காரணத்தால் சோர்ந்துவிட்டது. நான் சொல்லுமுன்பே அந்த இளைஞர் முகர்ந்து பார்த்து அதைக் கொட்டிவிட்டு, புதிய போத்தலைத் திறந்தார்.

இதற்கு அவர்கள் செய்வதெல்லாம் மிகச் சாதாரணம். வெள்ளையும் ரோசேயும் திருகு மூடிப் போத்தல்கள். தக்கையிட்ட போத்தலை வாங்குவதில்லை. திருகு மூடியை மலிவின் அடையாளமாகக் கருதும் எண்ணம் தவறு. அவுஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு ரீஸ்லிங் செய்வோர் 2000ஆம் ஆண்டிலேயே கூட்டாக அதற்கு மாறினார்கள், தக்கை கெடுத்த வைன்களால் சலித்துப்போய். ஒவ்வொரு தடவை ஊற்றியதும் மூடி இறுக்கப்பட்டுப் போத்தல் குளிரூட்டிக்குப் போகிறது; குளிரில் காற்றின் வேலை மெதுவாகிறது. மூன்றாம் நாள் முடிவில் எஞ்சியது கறிச்சட்டிக்குப் போகிறது. மின்சாரம் நின்றால் ஐஸ் பெட்டி இருக்கிறது. திறந்த போத்தலில் காற்று சேராதபடி ஆர்கன் வாயு செலுத்தும் கருவிகளைப் பற்றிக் கேட்டேன். ஒன்பது மேசைக்கு அந்தச் செலவு வேண்டாம் என்றார் அம்மையார். நானும் அதையே சொல்லியிருப்பேன். அதைவிட, நடுவில் குறிப்பிட்ட ரோசேயை மூன்று லீற்றர்ப் பெட்டி வைனாக வாங்குவதைப் பற்றி அவர் யோசிக்கலாம். 1965இல் அவுஸ்திரேலியாவில் தோமஸ் அங்கோவ் காப்புரிமை பெற்ற முறை அது; ஊற்ற ஊற்ற உள்ளிருக்கும் பை சுருங்குவதால் காற்று உள்ளே புகுவதில்லை, திறந்த பின் ஒரு மாதம் வரை நிற்கும், நான்கு போத்தல் அளவு ஒரே பெட்டியில் அடங்கும்.

சிறு குறைகள் இரண்டு. ஒன்று, 75 மில்லிலீற்றர் அரைக் கிளாஸ் விலைப்பட்டியலில் இல்லை. கேட்டால் தருகிறார்கள், ஆனால் கேட்கலாம் என்பது புதிதாக வருகிறவருக்குத் தெரியாது. நண்டுக்கு முன் ஷெனின் பிளானும் நண்டோடு ரீஸ்லிங்கும் அருந்த விரும்புகிறவர், இரண்டு முழுக் கிளாஸுக்கு 5,200 ரூபாயும் சேவைக் கட்டணமும் கொடுக்காமல் பாதியில் முடித்துக்கொள்ள வழி இருக்க வேண்டும். மற்றது, முற்றத்து மேசைகளில் கடற்காற்று வைனின் வாசத்தை அள்ளிக்கொண்டு போகிறது. அங்கே தரும் கிளாஸ்கள் வாய் அகன்றவை. உள்ளே கூடத்தில் தரும் வாய் குவிந்த கிளாஸ்களையே முற்றத்துக்கும் தர வேண்டும். நான் கடைசி இரண்டு மாலைகளும் உள்ளே யன்னலோரமாக அமர்ந்தேன்.

கபெர்னேயைப் பற்றி நான் சொன்னதை அம்மையார் குறித்துக்கொண்டார். கையிலிருக்கும் பெட்டி முடிந்ததும் ஒரு கமேயைக் கொழும்பில் தேடிப் பார்ப்பதாகவும், அதுவரை சிவப்புப் போத்தலைக் குளிரூட்டியின் கதவுத் தட்டில் வைப்பதாகவும் சொன்னார். ஓகஸ்ட் இறுதியில் நான்காவது தடவை போனபோது அது கதவுத் தட்டில்தான் இருந்தது. ஒக்டோபர் மழை தொடங்கியதும் உணவகம் மூடப்படும். அதற்கு முன் போகிறவர்கள் நண்டுக் கறியை முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அது வர முக்கால் மணி நேரம் எடுக்கும். ரீஸ்லிங்கை நண்டு மேசைக்கு வந்த பின்னரே ஊற்றச் சொல்லுங்கள்; இந்த வெப்பத்தில் கிளாஸ் பத்து நிமிடத்தில் சூடேறிவிடுகிறது.